துயருற்ற காலத்தில் சிறு தொழில் நடத்துவோர் தம்மைப் பேணுதல்

நம் நாட்டின் தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்பொழுது மூலதனம், மூலப்பொருள், சந்தை, தொழில்நுட்பம் ஆகியவை பற்றியே பெரிதும் பேசப்படுகிறது. தொழிலை நடத்தும் மனிதரின் உடல்நிலையும் மனநிலையும் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை இஃது ஒரு குறையாகத் தோன்றாமல் இருக்கலாம். அங்கே ஒருவர் விடுப்பில் சென்றால் மற்றொருவர் அவருடைய பணியைப் பார்த்துக்கொள்வார். ஆனால் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும், நான்கு ஏக்கரில் ஏலக்காய் பயிரிடுபவருக்கும், இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவருக்கும் விடுப்பு என்பதே இல்லை.

தேசிய மாதிரி ஆய்வின் 73-ஆவது சுற்று 2015-16-இல் நடைபெற்றது. அதன்படி கம்பெனிகளாக அமையாத, வேளாண்மை சாராத தொழில் நிலையங்கள் நாட்டில் சுமார் 6.34 கோடி இருந்தன. அவற்றில் 11 கோடிப் பேர் வேலை செய்தனர். இந்நிலையங்களில் ஏறத்தாழ 84 விழுக்காடு, நிரந்தரமாகக் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளாமல் உரிமையாளரும் அவர்தம் குடும்பத்தாருமே நடத்துபவை. அதாவது, நூறு சிறு தொழில்களில் எண்பதுக்கும் மேற்பட்டவற்றில் உரிமையாளர் நோயுற்றாலோ, அவர் இல்லத்தில் ஓர் இறப்பு நேர்ந்தாலோ, மறுநாள் காலை கடையைத் திறக்க வேறு ஆள் இல்லை. இத்தகைய நிலையில் உரிமையாளர் தம்மைப் பேணிக்கொள்வது தொழிலைக் காக்கும் முதற்படியாகும். கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழகத்தை ஒட்டிய பகுதிகளைக் களமாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வது பயனுடையதாகும்.

எல்லையோரத் தொழில்களின் இயல்பு

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். எனினும் தமிழகத்துடன் கொண்ட உறவில் இரண்டும் ஒத்தவை. பாலக்காட்டுக் கணவாயின் வழியே வாளையார், வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் ஆகிய ஊர்கள் கோவை மாவட்டத்தோடு இணைகின்றன. சித்தூர் வட்டத்திலும் கொழிஞ்சாம்பாறைச் சுற்றுப்புறத்திலும் தமிழ் பேசுவோர் மிகுதி. இடுக்கியிலோ குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவழிகள் தேனி மாவட்டத்திற்கு இறங்குகின்றன. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களில் தமிழர் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர்.

இப்பகுதியின் தொழில்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. சரக்கு ஒரு மாநிலத்திலும் சந்தை மற்றொரு மாநிலத்திலும் இருக்கும். வேலையாட்கள் ஒருபுறமும் தோட்டம் மறுபுறமும் இருக்கும். உடும்பஞ்சோலை வட்டத்தில் விளையும் ஏலக்காய் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் விடப்படுகிறது. காய் பறிக்கும் தொழிலாளர் பலர் நாள்தோறும் காலையில் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்புகளில் மலையேறுகின்றனர். எனவே எங்கோ நிகழும் ஒரு தடை இங்குள்ள வீட்டின் அடுப்பை உடனே தொடுகிறது. 2020-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கி மாநில எல்லைகள் மூடப்பட்டபொழுது இவ்வுண்மை தெளிவாக உணரப்பட்டது.

கடந்த சில ஆண்டுகளில் இப்பகுதி அடுத்தடுத்துப் பல அதிர்ச்சிகளைச் சந்தித்தது. 2018 ஆகஸ்டு 9 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பின், இடுக்கி நீர்த்தேக்கத்தைச் சேர்ந்த செறுதோணி அணையின் மதகு திறக்கப்பட்டது. அவ்வாண்டுப் பெருவெள்ளத்தில் மாநிலம் முழுவதிலும் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி மூணாற்றுப் பகுதியில் மலர்வதும் அவ்வாண்டே எதிர்பார்க்கப்பட்டிருந்தது. அப்பருவத்தை நம்பியிருந்த விடுதிக்காரருக்கும் கடைக்காரருக்கும் ஓட்டுநருக்கும் மழையும் நிலச்சரிவும் பேரிழப்பாயின. 2020 ஆகஸ்டு 6 இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் 70 உயிர்களைப் பறித்தது. ஏலக்காயின் விலையும் நிலையாக நிற்கவில்லை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோவிற்கு 7,000 ரூபாய் என்னும் உச்சத்தைத் தொட்ட விலை, 2022-இல் சராசரியாக 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது.

இவை யாவரும் அறிந்த பொது இடர்கள். இவற்றிற்கு அறிக்கை உண்டு, நிவாரணம் உண்டு. ஆனால் ஒருவருடைய வாழ்வில் தனியாக வந்து சேரும் இடர்கள் உள. மனைவியின் புற்றுநோய், கணவனின் திடீர் மறைவு, மணமுறிவு, மகனின் விபத்து ஆகியவற்றிற்கு அறிவிப்பு ஏதும் வெளிவருவதில்லை. பொது இடரால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் தொழிலில் தனி இடர் வந்து விழும்பொழுதுதான் குடும்பங்கள் சரிகின்றன.

வீடும் கடையும்

சிறு தொழிலில் வீட்டுப் பணமும் கடைப் பணமும் பெரும்பாலும் ஒரே பெட்டியில் கிடக்கும். வங்கிக் கடனுக்கு ஈடு குடியிருக்கும் வீடாகவே இருக்கும். சரக்குக் கடனுக்குப் பிணை உரிமையாளரின் பெயரும் நாணயமும்தான். ஆகவே குடும்பத்தில் ஏற்படும் நெருக்கடி கடையையும், கடையில் ஏற்படும் நெருக்கடி குடும்பத்தையும் பற்றிக்கொள்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கொழிஞ்சாம்பாறை போன்றதோர் ஊரில் கணவனும் மனைவியும் மளிகைக் கடை நடத்துகின்றனர் எனக் கொள்வோம். காய்கறி பொள்ளாச்சியிலிருந்தும் அரிசியும் பருப்பும் கோவையிலிருந்தும் வருகின்றன. கணவர் திடீரென மறைகிறார். எந்த மொத்த வியாபாரிக்கு எவ்வளவு பாக்கி, எந்த வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், சீட்டுத் தவணை எந்தத் தேதியில் என்பன அவருடைய நினைவில் மட்டுமே இருந்தவை. வங்கியின் நடப்புக் கணக்கு, ஊராட்சி உரிமம், சரக்கு சேவை வரிப் பதிவு ஆகிய யாவும் அவர் பெயரில் உள்ளன. மனைவிக்குக் கடையை நடத்தத் தெரியாமல் இல்லை. பத்தாண்டுகளாகக் கல்லாவில் அமர்ந்தவர் அவர். ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவர் அந்தக் கடைக்குப் புதியவர். துக்கம் ஒருபுறம், தூக்கமின்மை ஒருபுறம், வாசலில் வந்து நிற்கும் கடன்காரர் மறுபுறம். இந்நிலையில் அவர் முதலில் இழப்பது தம் உடல்நலத்தை. அடுத்து, தெளிவாக முடிவெடுக்கும் ஆற்றலை. கடை அதற்குப் பிறகே போகிறது.

மௌனத்தின் விலை

இத்தகைய நெருக்கடியில் பெரும்பாலோர் மேற்கொள்ளும் வழி மௌனம். சிறிய சந்தையில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். “அவருக்குக் கை இறுகிவிட்டது” என்னும் சொல் பரவினால் மறுநாளே மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்குத் தர மறுப்பார் என்ற அச்சம் நியாயமானதே. “மனநல மருத்துவரிடம் போகிறார்” என்ற பேச்சு அதனினும் அஞ்சப்படுகிறது. ஆகவே தவணை தவறிய செய்தி வங்கியினின்றும், தூக்கம் தொலைந்த செய்தி வீட்டினின்றும் மறைக்கப்படுகின்றன.

துயரம் தனக்கென ஒரு காலத்தை எடுத்துக்கொள்கிறது. சட்டமும் கணக்கும் அதற்காகக் காத்திருப்பதில்லை. அவை நாட்களை எண்ணிக்கொண்டே செல்கின்றன. இந்த நாட்கணக்கை அறிந்துகொள்வது அவசியம். இறப்பைப் பதிவு செய்வதற்கான காலம், 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 21 நாட்கள். தவணை தவறிய வங்கிக் கடன் முதல் 30 நாட்கள் வரை ஒரு வகையாகவும், 31 முதல் 60 நாட்கள் வரை அடுத்த வகையாகவும், 61 முதல் 90 நாட்கள் வரை மூன்றாம் வகையாகவும் கண்காணிப்பில் வைக்கப்படுகிறது. 90 நாட்களைக் கடந்தால் அது வாராக் கடனாகிறது. பயிர்க் கடனுக்கு மட்டும் இக்கணக்கு சாகுபடிப் பருவத்தை ஒட்டி வேறுபடும். உணவுப் பொருள் விற்போரின் உரிமமும் உரிமையாளர் மறைந்தபின் வாரிசுக்கு 90 நாட்கள் வரை பயன்படும். அதற்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பித்தல் வேண்டும். சரக்கு சேவை வரியைப் பொறுத்தவரை, வாரிசு தொழிலைத் தொடர விரும்பினால் தம் பெயரில் புதிய பதிவு பெறுதல் வேண்டும். பழைய பதிவில் எஞ்சியுள்ள உள்ளீட்டு வரி வரவை உரிய படிவத்தின் மூலம் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் 30 நாட்களில் சொல்லப்படும் ஒரு சொல், 91-ஆம் நாளில் எழுதப்படும் பத்து மனுக்களைவிட வலிமையுடையது என்பது இதிலிருந்து விளங்கும். தம்மைப் பேணுதல் என்பதன் முதற்பாடம், உரிய காலத்தில் உரியவரிடம் வாய்திறத்தலே.

முதல் பதினாறு நாட்கள்

நம் முன்னோர் துக்க காலத்திற்கு ஓர் ஒழுங்கு வகுத்திருந்தனர். பதினாறாம் நாள் காரியம் தமிழரிடையேயும், பதினாறடியந்திரம் மலையாளிகளிடையேயும் வழக்கில் உள்ளன. சமூகத்திற்குச் சமூகம் நாட்கள் மாறினாலும் நோக்கம் ஒன்றே. அந்நாட்களில் துக்க வீட்டார் தொழில் செய்யார். உறவினர் சமைத்துக் கொணர்வர். பங்காளிகளும் மாமன் மைத்துனரும் வெளிவேலைகளைப் பார்த்துக்கொள்வர். சடங்கென்று மட்டுமே இதனைக் கருதுதல் பொருந்தாது. அதிர்ச்சியுற்ற மனிதரைப் பெரிய முடிவுகள் எடுக்கவிடாமல் காக்கும் ஏற்பாடாகவும் இது விளங்குகிறது. கூட்டுக் குடும்பம் சுருங்கிவரும் இன்றைய நாளில், இவ்வேற்பாட்டைத் திட்டமிட்டுச் செய்துகொள்ள வேண்டியுள்ளது.

முதலாவது, உடலைக் காத்தல். வேளைக்கு உணவும் இரவில் உறக்கமும் கிடைக்குமாறு பார்த்துக்கொள்வது மற்ற அனைத்திற்கும் அடிப்படை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உட்கொள்வோர் துக்க நாட்களில் அதனைக் கைவிடுவது வழக்கமாகக் காணப்படும் தவறு. மாத்திரைகளைக் குடும்பத்தில் ஒருவர் பொறுப்பேற்று நேரத்திற்குக் கொடுத்தல் நன்று. துயரத்தை மறக்க மதுவை நாடுவது உறக்கத்தைக் கெடுத்துத் துயரத்தைப் பெருக்கும். தொழிலின் கைப்பணத்தையும் கரைக்கும். இப்பழக்கத்திற்கு ஆளானோருக்கென ‘விமுக்தி’ இயக்கத்தின் கீழ்க் கேரளத்தின் ஒவ்வொரு மாவட்டத்திலும் சிகிச்சை மையம் உள்ளது.

இரண்டாவது, பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடுதல். கடையை விற்பது, நிலத்தை ஒற்றிக்கு வைப்பது, கூட்டாளியை விலக்குவது, புதுக்கடன் வாங்குவது ஆகியவற்றை அதிர்ச்சியின் முதல் வாரங்களில் செய்யாதிருத்தல் வேண்டும். நாள்தோறும் செய்தாக வேண்டியவை, ஒரு மாதம் பொறுக்கக் கூடியவை, நிறுத்திவிடத் தக்கவை என வேலைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். ஏலக்காய்த் தோட்டத்தில் பழுத்த காயைப் பறிக்கும் சுற்றைத் தள்ளிவைக்க இயலாது. வேலி கட்டுவதைத் தள்ளிவைக்கலாம். மளிகைக் கடையில் அரிசியும் எண்ணெயும் இருந்தால் போதும். பண்டிகைச் சரக்கைக் குறைக்கலாம். காலை முதல் இரவு வரை திறந்திருந்த கடையை அரைநாள் மட்டும் திறப்பதில் இழுக்கில்லை. அரைநாள் திறந்த கடைக்கு வாடிக்கையாளர் மீண்டும் வருவர். பல வாரங்கள் மூடிக் கிடந்த கடையை அவர்கள் மறந்துவிடுவர்.

மூன்றாவது, மாற்றாள் ஏற்பாடு. நம்பகமான உறவினர் ஒருவரையோ பக்கத்துக் கடைக்காரரையோ குறிப்பிட்ட நாட்களுக்குக் குறிப்பிட்ட பொறுப்புகளோடு அமர்த்தலாம். இதற்குத் தேவையானது ஒரு பக்கக் குறிப்பு. கொடுக்க வேண்டியவை, வர வேண்டியவை, தவணைத் தேதிகள், வங்கிக் கணக்குகள், காப்பீட்டு ஆவணங்கள், உரிமங்கள் முடியும் நாள் ஆகியவை அதில் இருந்தால் போதும். இக்குறிப்பை நல்ல காலத்திலேயே எழுதி வைத்து, ஆறு மாதத்திற்கு ஒரு முறை திருத்தி, குடும்பத்தில் ஒருவரிடம் காட்டி வைத்தல் சிறந்தது. மேற்கூறிய மளிகைக் கடைப் பெண்மணிக்கு இத்தகைய ஒரு தாள் கிடைத்திருப்பின் அவருடைய சுமையில் பாதி குறைந்திருக்கும்.

கடனும் வருமானமும்

வங்கியிடம் முன்கூட்டியே பேசுவதற்குச் சட்ட அடிப்படை உண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களின் புத்துயிர்ப்பு, மறுவாழ்வு பற்றிய நெறிமுறையை மத்திய அரசு 2015 மே 29 அன்று அறிவித்தது. 2016 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அதற்கான அறிவுறுத்தல்களை வழங்கியது. தொழில் தளரும் எனவோ கடனைக் கட்ட இயலாமற்போகும் எனவோ அஞ்சும் தொழில் நிறுவனம், தானே முன்வந்து வங்கியிடம் விண்ணப்பிக்க இந்நெறிமுறை இடமளிக்கிறது. 10 லட்சம் ரூபாய் வரையிலான கடன்களைக் கிளை அளவிலேயே பரிசீலிக்கலாம். அதற்கு மேற்பட்டவை குழுவின் பார்வைக்குச் செல்லும். தவணைக் காலத்தை நீட்டித்தல், தவணைத் தொகையைக் குறைத்தல் போன்ற வழிகள் அப்போது ஆராயப்படும். கடன் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடனாளியைத் தொலைபேசியில் அழைத்தலாகாது என 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. இரவில் மணியோசை கேட்டு நடுங்கும் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

வங்கியிடம் பேசத் தயங்குவோர் நாடுவது பெரும்பாலும் கந்துவட்டியை. எல்லையின் இருபுறமும் இதற்குத் தடை உண்டு. அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டிலும் கேரளத்தில் 2012-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டது. உழவர்களின் பொருட்டுக் கேரளத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உழவர் கடன் நிவாரண ஆணையம் அமைக்கப்பட்டது. சிறு ஏலக்காய் உழவர்கள் தம் கூட்டுறவுக் கடன் குறித்து அதனை அணுகலாம்.

இழப்பு நேரும்முன் செய்துகொள்ள வேண்டிய காப்புகளும் உண்டு. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் 18 முதல் 50 வயது வரை உள்ளோர் சேரலாம். ஆண்டுக் கட்டணம் 436 ரூபாய், காப்புத் தொகை 2 லட்சம் ரூபாய். சுரக்ஷா காப்பீட்டில் 20 ரூபாய்க் கட்டணத்தில் 2 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பு கிடைக்கிறது. இவ்விரண்டும் 2015-இல் தொடங்கப்பட்டவை. கணவர் இவற்றில் சேர்ந்திருந்தாரா என்பதே தெரியாமல் உரிமை கோராத குடும்பங்கள் உண்டு. வங்கிக் கணக்குப் புத்தகத்தில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடிக்கப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது எளிய சோதனை.

குடும்பத்தில் ஒருவர் படுக்கையில் விழும்பொழுது, அவரைக் கவனிப்பதும் கடையை நடத்துவதும் ஒருவர்மீதே விழுகின்றன. கேரளம் இத்துறையில் பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியாக உள்ளது. 2008-இல் அம்மாநிலம் வலி தணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. உள்ளாட்சிகளின் துணையோடு செவிலியர் வீடு தேடி வந்து நோயாளியைக் கவனிக்கின்றனர். படுக்கையிலுள்ள நோயாளியை முழுநேரமும் கவனிப்போருக்கு ‘ஆசுவாச கிரணம்’ திட்டத்தில் மாதம் 600 ரூபாய் உதவித்தொகை வகுக்கப்பட்டுள்ளது. தொகை சிறிதாயினும், கவனிப்பவரும் உதவிக்கு உரியவர் என்பதை அரசு ஏற்றுள்ளது குறிப்பிடத்தக்கது. காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தில் இடம்பெற்ற குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு ஏற்கப்படுகிறது.

மனநலத்திற்கு உதவி

துயரம் நோயன்று. அழுவதும், சில நாள் உணவு செல்லாதிருப்பதும் இயல்பே. ஆனால் உறக்கமின்மையும் எதிலும் பற்றின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தல், கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே இயலாமை, காரணமின்றிச் சினங்கொள்ளுதல், தாம் குடும்பத்திற்குச் சுமை என்று பேசுதல் ஆகியவை காணப்படின் காலந்தாழ்த்தாமல் உதவி நாட வேண்டும். 2015-16-ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, பொதுவான மனநலக் குறைபாடு உடையோரில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று காட்டியது.

இதன் விளைவு கடுமையானது. தேசிய குற்றப் பதிவேடுகள் அமைப்பின் கணக்கின்படி 2020-இல் நாட்டில் தற்கொலையால் இறந்த வணிகர், தொழில் நடத்துவோரின் எண்ணிக்கை 11,716. அதே ஆண்டில் வேளாண் துறையினரின் எண்ணிக்கை 10,677. உழவரின் துயரம் நாடெங்கும் பேசப்படுகிறது. அது பேசப்பட வேண்டியதே. சிறு வணிகரின் துயரமோ கடைக் கதவிற்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. 2022-இல் லட்சம் பேருக்கு 12.4 என்பது தேசிய விகிதமாக இருக்க, கேரளத்தின் விகிதம் 28.5 ஆக இருந்தது. எழுத்தறிவிலும் மருத்துவ வசதியிலும் முன்னேறிய மாநிலத்திலும் இப்பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடவில்லை என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. உரிய நேரத்தில் கிடைக்கும் உதவி உயிரைக் காக்கிறது என்பதும் மருத்துவம் கண்ட உண்மையே.

தேசிய மனநலத் திட்டம் 1982-இலும், மாவட்ட மனநலத் திட்டம் 1996-இலும் தொடங்கப்பட்டன. கேரளத்தில் ஆர்த்ரம் இயக்கத்தின் கீழ்க் குடும்ப நல மையங்களில் மனச்சோர்வைக் கண்டறியும் ‘ஆசுவாசம்’ மருத்துவப் பிரிவுகள் அமைந்துள்ளன. 2020-இல் பெருந்தொற்றின்பொழுது, தனிமையில் இல்லை, உடன் இருக்கிறோம் என்னும் பொருள்படும் பெயரில் தொலைபேசி ஆலோசனைத் திட்டம் நடத்தப்பட்டது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தின் ‘திசா’ உதவி எண் 1056.

ஊரார் அறிந்துவிடுவர் என்ற அச்சத்திற்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விடை தருகிறது. சிகிச்சை பெறுவோரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுதல் அவர்தம் உரிமை என்று அது கூறுகிறது. உடல் நோய்க்கு அளிப்பதைப் போன்றே மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு அளிக்கப்படுதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியாகும்.

மொழியும் கருதத்தக்கது. துயரத்தை ஒருவர் தாய்மொழியில்தான் முழுமையாகச் சொல்ல முடியும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வகை செய்துள்ளது. தேவிகுளத்திலோ சித்தூரிலோ உள்ள தமிழ் வணிகர், நிவாரணத்திற்கான மனுவைத் தமிழில் எழுதலாம் என்பதை அறியாமல் இடைத்தரகரை நாடுதல் தவிர்க்கப்பட வேண்டும்.

பிற நாடுகளின் அனுபவம்

பிரான்சு நாட்டின் சேன்ட் நகரில் 2013-இல் வணிக நீதிமன்றத்தை மையமாகக் கொண்டு ஓர் ஏற்பாடு உருவாயிற்று. நொடித்துப்போன தொழிலதிபர்களை நாள்தோறும் சந்திப்பவர்கள் நீதிமன்ற அலுவலர்களே. அவர்களுக்கு மன வேதனையின் அறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சி தரப்பட்டது. அறிகுறி தென்பட்டால், அவர் இசைவு பெற்று, உளவியலாளருக்குத் தகவல் அனுப்பப்படுகிறது; அவர்களே விரைந்து தொடர்பு கொள்கின்றனர். இவ்வேற்பாடு பின்னர் அந்நாட்டின் பல நகரங்களுக்கும் பரவியது. சப்பானின் அகிதா மாவட்டத்தில், தம் தொழில் முறிந்துபோன ஒருவர் 2002-இல் ‘சிலந்தி நூல்’ எனப் பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். நொடித்த சிறு தொழிலதிபர்களின் கணக்கையும் கவலையையும் ஒருங்கே கேட்டு வழிகாட்டுவது அதன் பணி. கடனைத் தீர்க்கும் வழி ஒரு மேசையிலும் மனத்தைத் தேற்றும் வழி வேறொரு மேசையிலும் இருப்பின் துயருற்றவர் இரண்டிற்கும் போகமாட்டார் என்பதே இவ்விரு நாடுகளின் அனுபவம் தரும் பாடம்.

செய்யத் தக்கவை

நம் எல்லையோர மாவட்டங்களிலும் இது இயலாத செயலன்று. தவணை தவறிய முதல் மாதத்திலேயே காரணத்தை அறிபவர் வங்கிக் கிளையின் அலுவலர். ஏலத்திற்குக் காய் வராததைக் கவனிப்பவர் ஏல மையத்தார். உரிமம் புதுப்பிக்கப்படாததைக் காண்பவர் ஊராட்சிச் செயலர். வாராந்தரக் கூட்டத்திற்கு வராத உறுப்பினரை அறிபவர் குடும்பஸ்ரீ அயற்கூட்டத்தார். இவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி அளித்து, “வீட்டில் யாவரும் நலமா?” என்று கேட்கவும், இசைவு பெற்று மாவட்ட மனநலத் திட்டத்தோடு தொடர்புபடுத்தவும் கற்றுக்கொடுக்கலாம். தவணை தவறியதைத் தெரிவிக்கும் வங்கி அறிவிப்பின் அடியில், கடன் சீரமைப்புக்கு விண்ணப்பிக்கும் முறையையும் 14416 என்ற எண்ணையும் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிடுவதற்குச் செலவு மிகச் சிறிதே. மாவட்டத் தொழில் மையங்கள், புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு அளிக்கும் பயிற்சியில் முன்னர்க் கூறிய ஒரு பக்கக் குறிப்பை ஒரு பாடமாகச் சேர்க்கலாம். வாரிசு ஒருவர் உரிமம், வரி, வங்கி, காப்பீடு ஆகிய நான்கிற்கும் நான்கு அலுவலகங்களுக்கு அலையாதவாறு ஒரே இடத்தில் வழிகாட்டும் ஏற்பாடும் தேவை.

வணிகர் சங்கங்களின் பங்கும் பெரிது. உறுப்பினர் ஒருவர் மறைந்தால் ஒரு நாள் கடையடைத்து அஞ்சலி செலுத்தும் வழக்கம் நம் சந்தைகளில் உள்ளது. அவ்வழக்கம் தொடர்வதோடு, அடுத்த ஒரு மாதத்திற்கு முறைவைத்து அவருடைய கடையைத் திறந்து நடத்த இருவரை அனுப்பும் வழக்கமும் சேருமாயின் அக்குடும்பம் நிலைபெறும். மொத்த வியாபாரிகள் பழைய பாக்கியைத் தனியே நிறுத்திவைத்து, புதுச் சரக்கை ரொக்கத்திற்குக் கொடுத்து உதவலாம். அதனால் அவர்களுக்கும் இழப்பு நேராது.

தொழில் நடத்துபவரும் மனிதரே. அவர் நோயுறுவர், அன்புக்குரியோரை இழப்பர், சில நாட்கள் செயலற்று இருப்பர். இதனை அவர்தம் திறமைக் குறைவாகச் சமூகம் எண்ணாதிருக்குமாயின் அவர் மௌனம் காக்க வேண்டியதில்லை. தவணையின் முப்பதாம் நாளுக்குள் வங்கியிடமும், உறக்கமற்ற இரண்டாம் வாரத்திற்குள் மருத்துவரிடமும் அவர் பேசுவாராயின், தொழிலும் குடும்பமும் காக்கப்படும் வாய்ப்பு மிகும். அவ்வாறு பேச வருபவரை இருக்கையில் அமரச் செய்து, பொறுமையுடன் கேட்டு, வழிகாட்டி அனுப்புவது ஒவ்வோர் அலுவலரின் கடமையாகும்.